வாசகர் கேள்விகள்: வீடியோ கேமுக்கு இசையமைப்பது எப்படி?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வீடியோ கேம் இசையைப் பற்றியவை வழக்கத்தைவிட அதிகம். அவை எல்லாமே நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்திருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணா, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மலை ரயிலை ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்துவருகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜினை ஓட்டி வர வேண்டும். எங்களில் ஒருவர் அமைத்த மூன்று நிமிடப் பாடல், தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் சிறிது நேரத்தில் இசையை மட்டும் அணைத்துவிடுகிறார்கள். குறை எங்கே இருக்கிறது?
— கல்லூரி மாணவர்கள், குன்னூர்

பாட்டு நன்றாக இருக்கிறது என்பதை நம்புகிறேன். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பல்லவியில் தொடங்கி, சரணத்தில் வளர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு முடியும் பாடலைக் கேட்பவர், அந்த மூன்று நிமிடத்தை இசையமைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். திரைப்படத்திலும் பின்னணி இசை பெரும்பாலும் படத்தொகுப்புக்குப் பிறகே சேர்க்கப்படுகிறது என்பதால், எந்த நொடியில் கதவு திறக்கும், எந்த நொடியில் அழுகை வரும் என்பது அமைப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். விளையாட்டில் காலம் ஆடுபவரின் கையில் இருக்கிறது. ஒருவர் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்திவிட்டு, அடுப்பில் பால் வைத்த நினைவு வந்து எழுந்து போய்விடுவார்; இன்னொருவர் அதற்குள் அடுத்த வளைவில் நீராவி அழுத்தம் குறைந்து தடுமாறிக்கொண்டிருப்பார். இருவருக்கும் உங்கள் பாட்டின் உச்சம் ஒரே நேரத்தில் வருகிறது, இருவருக்குமே அது பொருந்தவில்லை. நான்காவது முறை அது வரும்போது அதன் இனிமையே எரிச்சலுக்குக் காரணமாகிறது; மனத்தில் நன்றாகப் பதியும் மெட்டுதான், தான் திரும்பத் திரும்ப வருவதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஐயர் எப்போது கை காட்டுவார் என்று அவருக்குத் தெரியாது. அதுவரை ஓர் இராகத்தை நீட்டியும் சுருக்கியும் வாசித்துக்கொண்டிருப்பவர், ‘கெட்டிமேளம்’ என்ற குரல் கேட்டதும் இருந்த இடத்திலேயே அதை விட்டுவிட்டுத் தவில்காரரோடு சேர்ந்து உச்ச வேகத்துக்குப் போகிறார். தாலி கட்டி முடிந்ததும் மறுபடி நிதானத்துக்கு இறங்கிவருகிறார். நீங்கள் எழுத வேண்டியவையும் இவையே: நீட்டவும் குறைக்கவும் இடம்தரும் ஓர் இசை, எந்த நொடியிலும் அதை வெட்டிக்கொண்டு நுழையக்கூடிய ஒரு துணுக்கு, அதிலிருந்து இறங்கிவர ஒரு வழி. மூன்றாவதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஆபத்து முடிந்த பிறகும் முரசு முழங்கிக்கொண்டிருக்கும் விளையாட்டுகளை நீங்களும் ஆடியிருப்பீர்கள்.

இது புதிய சிந்தனை அன்று. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் இசை என்று இருந்தவை, கீழ்நோக்கி இறங்கும் நான்கு மந்தர சுரங்கள் மட்டுமே. எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவை வேகமாக நகர்ந்தன. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் தானாகவே வேகமெடுத்ததன் விளைவு அது. நான்கு சுரங்களும் அதனோடு சேர்ந்து விரைந்தன. ஆடுபவர் தன் வெற்றி நெருங்குவதையும் தன் ஆபத்து கூடுவதையும் அந்த நான்கு சுரங்களிலேயே கேட்டார். இசை விளையாட்டோடு பேசுவதற்குப் பெரிய வாத்தியக் குழு தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ரயிலுக்கு வருவோம். மெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் விளையாட்டின் நிலைகளை எழுதுங்கள்: நிலையத்தில் நிற்பது, சமதளத்தில் ஓடுவது, கல்லாறைத் தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து ஏறுவது, குகைக்குள் நுழைவது, அழுத்தம் குறைவது, வந்து சேர்வது. ஒவ்வொரு நிலையிலிருந்தும் எந்தெந்த நிலைக்குப் போக முடியும் என்று அம்புக்குறி போடுங்கள். அந்த அம்புக்குறிகளின் எண்ணிக்கைதான் உங்கள் வேலையின் உண்மையான அளவு. பாட்டு எத்தனை நிமிடம் என்பது பிறகு வரும் கேள்வி.

நிலை மாறும்போது இசையை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முதலாவது அடுக்கு முறை: ஒரே நீளமுள்ள நான்கைந்து தடங்கள் எப்போதும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அவற்றின் ஒலியளவு மட்டும் கூடிக் குறையும். சமதளத்தில் சுருதியும் கிதாரும் மட்டும் கேட்கும். பல்சக்கரம் பிடித்ததும் தாளத் தடம் எழும். அழுத்தம் குறையக் குறைய மந்தர வயலின்கள் மெல்ல நுழையும். குகைக்குள் எல்லாம் அடங்கிச் சுருதி மட்டும் எஞ்சும். இரண்டாவது, ஒரு பகுதியை முடித்து இன்னொரு பகுதிக்குத் தாவும் முறை. எங்கெங்கே தாவலாம் என்பதை நீங்களே முன்கூட்டிக் குறித்துவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில், நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று 2.5 நொடி எடுக்கும். 32 சுற்று என்றால் 80 நொடி. சுற்றின் முடிவில் மட்டுமே தாவலாம் என்று வைத்தால், ஆடுபவர் மாற்றத்துக்கு அதிகபட்சம் 2.5 நொடி காத்திருக்க நேரும். நிலையத்துக்கு வந்து சேர்வதற்கு அந்தத் தாமதம் அழகாகவே இருக்கும். கொதிகலன் ஆபத்துக்கு அது பொருந்தாது. அத்தகைய இடத்தில் உடனே ஒலிக்கும் சிறு துணுக்கு ஒன்றை மேலே போட்டு, அதன் ஓசை அடங்குவதற்குள் அடியிலுள்ள இசையை அடுத்த தட்டிலேயே மாற்றிவிடலாம்.

ரயிலின் வேகத்துக்கு ஏற்ப இசையின் வேகத்தையும் கூட்டிக் குறைக்க உங்களுக்கு ஆசை வரும். பதிவுசெய்த ஒலியை இழுத்தால் அதன் குணம் கெடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தாளத்தின் நெருக்கத்தை மாற்றுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் அடி இருந்த இடத்தில் நான்கு அடி விழுந்தாலே விரைவு கேட்கும்.

லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ என்ற அமைப்பு, 1991-இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டில் இத்தகைய தாவல்களை அறுபடாமல் செய்துகாட்டியது. அன்று அதற்கென ஒரு மென்பொருளையே எழுத வேண்டியிருந்தது. இன்று எஃப்மாட், வைஸ் என்னும் இரண்டு மென்பொருள்களைச் சிறிய திட்டங்களுக்குக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான கோடோட் எஞ்சினின் 4.3 பதிப்பிலிருந்து, தடங்களை அடுக்குவதற்கும் பகுதிகளுக்கிடையே தாவுவதற்கும் வேண்டிய வசதி எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் மாணவர்கள் என்பதால் கோடோடிலேயே தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் கவிழ்ந்து ஆடுபவர் மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இசையை முதல் சுரத்திலிருந்து தொடங்காதீர்கள். கடினமான ஒரு வளைவில் ஒருவர் முப்பது முறை தோற்கக்கூடும். முப்பது முறையும் அதே முதல் எட்டு நொடியைக் கேட்டால், தோல்வியின் கோபமெல்லாம் இசையின் மேல் திரும்பிவிடும். இசை தன்போக்கில் ஓடட்டும், ரயில் மட்டும் பின்னால் போகட்டும்.

திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டான லூப், முதலுக்குத் திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டு கேட்கிறது. எத்தனை முறை சரியாக வெட்டினாலும் போகவில்லை.
— கூடலூர் வாசகர்

கோப்பை எம்பி3 வடிவத்தில் சேமித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்துச் சுருக்குவதால், தொடக்கத்திலும் முடிவிலும் சிறிய வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் சேமிக்கும்போது அது மறுபடி வந்துவிடும். ஆக் வோர்பிஸ் அல்லது வேவ் வடிவத்தில் சேமியுங்கள். அதன் பிறகும் வெட்டு கேட்டால் காரணம் எதிரொலியின் வால். கடைசிச் சுரத்தின் அதிர்வு அடங்குவதற்குள் லூப் முதலுக்குத் திரும்பிவிடுகிறது. லூப்பை அடுத்தடுத்து இரண்டு முறை ஓடவிட்டுப் பதிவுசெய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்; முதல் சுற்றின் வால் அதன் தலையில் ஏற்கெனவே கலந்திருக்கும்.

கொடைக்கானலில் பிள்ளைகளுக்கு வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவன் ஒருவன் கேம் இசை அமைக்க வேண்டும் என்கிறான். அதற்கு மேற்கத்திய ஹார்மனி தெரிந்தால்தான் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கர்நாடக இசை மட்டும் தெரிந்தவன் என்ன செய்வது?
— இசை ஆசிரியை, கொடைக்கானல்

அம்மா, உங்கள் மாணவருக்கு அது குறையாகத் தெரிய வேண்டியதில்லை. சில இடங்களில் அவருக்கு வேலை எளிது என்றே சொல்வேன். ஹார்மனி வழியில் எழுதப்பட்ட இசை, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது இரண்டும் அந்த நொடியில் எந்தக் கார்டில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நம் இசையில் ஆதார சுருதி நகர்வதில்லை. எல்லாப் பகுதிகளையும் ஒரே சுருதியில் அமைத்துவிட்டால், மோகனத்திலிருந்து சுபபந்துவராளிக்கு எந்தத் தட்டில் தாவினாலும் அடியில் ஷட்ஜமும் பஞ்சமமும் அறுபடாமல் நிற்கும்; மாறியது வண்ணம் மட்டுமே என்று காது ஏற்றுக்கொள்ளும். மேற்கிலும் இந்தத் தேவையை உணர்ந்திருக்கிறார்கள். 2010-இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ விளையாட்டுக்காகப் பில் எல்மும் வுடி ஜாக்சனும் தங்கள் இசையின் பெரும்பகுதியை நிமிடத்துக்கு 130 தட்டு என்ற ஒரே வேகத்திலும், ஏ மைனர் என்ற ஒரே ஆதாரத்திலும் அமைத்தார்கள். எந்தத் தடத்தை எதனோடு சேர்த்தாலும் ஒட்ட வேண்டும் என்பதே நோக்கம்.

கற்பனை சுரம் பாடும் பழக்கமும் நேரடியாகப் பயன்படும். எங்கே சுற்றினாலும் பாட்டு தொடங்கும் தாள இடமான எடுப்பில் வந்து விழ வேண்டும் என்ற கட்டுப்பாடு உங்கள் மாணவருக்குப் பழகியதுதான். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று நீளமுள்ள பத்து வயலின் சொற்றொடர்களை, எல்லாம் ஒரே எடுப்பில் வந்து சேருமாறு தனித்தனியே பதிவுசெய்யட்டும். கணினி அவற்றில் ஒன்றைக் குலுக்கலில் எடுத்து வாசிக்கும், சில ஆவர்த்தனங்களில் ஒன்றையும் எடுக்காமல் சும்மா இருக்கும். கேட்பவருக்கு எவரோ அங்கேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். பதற்றம் வேண்டிய இடத்தில், எட்டு எண்ணிக்கைத் தாளத்தின் மேல் மிச்ர சாபுவின் ஏழு எண்ணிக்கையை ஓடவிட்டால் 56-ஆவது எண்ணிக்கையில்தான் இரண்டும் மறுபடி சந்திக்கும். அதுவரை காதுக்குத் தரை கிடைக்காது.

இரண்டு இடங்களில் அவர் கவனமாக இருக்க வேண்டும். கீபோர்டில் உள்ள வயலின், புல்லாங்குழல் ஒலிகளைக் கொண்டு, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை உண்டாக்க முயல வேண்டாம். உயிருள்ள வயலினில் எடுத்த ஒற்றைத் தடம், இருபது கீபோர்டு தடங்களைவிட மேல். இரண்டாவது, இராகத்துக்கு ஓர் உணர்ச்சி உண்டு என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. முகாரி என்றால் சோகம் என்பது அதைக் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் தெரியும். வேறு நாட்டில் இருந்து ஆடுபவருக்கு அந்தச் சோகம் போய்ச்சேர வேண்டுமானால், வேகம், ஸ்தாயி, வாத்தியம், இடைவெளி எல்லாமே அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரின் காட்டையும் படிக்கட்டு வயல்களையும் வைத்து, சண்டை எதுவும் இல்லாத, நடந்து திரிய மட்டுமேயான ஒரு விளையாட்டைச் செய்கிறேன். ஸ்டுடியோ இல்லை, ஒரு மடிக்கணினியும் கைபேசியும்தான் இருக்கின்றன. இதற்கு எப்படி இசை அமைப்பது?
— பூம்பாறை வாசகர்

நடந்து திரியும் விளையாட்டுக்கு இசை எழுதுவது, சண்டை விளையாட்டுக்கு எழுதுவதைவிடக் கடினம். சண்டையில் ஆடுபவரின் கவனம் எதிரியின் மேல் இருக்கிறது. உங்கள் விளையாட்டில் அவர் சும்மா நின்று கேட்டுக்கொண்டே இருப்பார், எந்தத் தேய்ந்த இடமும் அவர் காதுக்குத் தப்பாது.

எனவே முதலில் எங்கே இசை வேண்டாம் என்று முடிவுசெய்யுங்கள். ‘மைன்கிராஃப்ட்’ ஆடியவர்களுக்குத் தெரியும்: நீண்ட நேரம் இசையே இருக்காது, பிறகு எதிர்பாராமல் ஒரு பியானோ மெல்ல எழுந்து, சிறிது நேரத்தில் மறைந்துவிடும். 2017-இல் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டின் பரந்த வெளிகளிலும் அவ்வப்போது சில பியானோ சுரங்கள் மட்டுமே கேட்கும். காற்றும் புல்லும் காலடியும் மீதி இடத்தை நிரப்பும். இந்தத் துணிச்சல் பலருக்கு வருவதில்லை. இசையமைக்கக் காசு வாங்கிவிட்டு மௌனத்தைக் கொடுப்பதா என்ற கூச்சம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, சுற்றுப்புற ஒலியை இசையின் ஒரு வாத்தியமாகவே எண்ணுங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து ஒரு நிலத்தின் கருப்பொருளாகத் தொல்காப்பியம் எண்ணியிருக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று உரைகள் சொல்லும். அதையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். சோலைக்கு மூன்று ஒலி, புல்வெளிக்கு மூன்று ஒலி, படிக்கட்டு வயலுக்கு மூன்று ஒலி என்று வகுத்துக்கொண்டு, ஒன்றின் வாத்தியத்தை மற்றொன்றில் பயன்படுத்தாமல் இருந்தாலே, ஆடுபவர் கண்ணை மூடிக்கொண்டும் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவார்.

உங்களைச் சுற்றி இருக்கும் ஒலிகளின் செல்வம் நகரத்து இசையமைப்பாளருக்குக் கிடைக்காதது. விடியலில் கருமந்தி சோலைக்குள்ளிருந்து எழுப்பும் கூவல், ஓடைக்கரையில் மனிதன் சீட்டியடிப்பது போலவே பாடும் கருநீலப் பறவை, கடமானின் எச்சரிக்கைக் குரல், மழைக்குப் பின் தவளைகள் எல்லாம் கைபேசியிலேயே பதிவாகும். ஆனால் மேட்டில் வீசும் காற்று ஒலிவாங்கியில் மோதினால் பதிவு முழுவதும் குமுறலாகிவிடும். ஒலிவாங்கியின் மேல் மயிரடர்ந்த செயற்கைத் துணியால் உறை போட்டுக்கொள்ளுங்கள், வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பறவையைக் கூவவைப்பதற்காக அதன் குரலை ஒலிபரப்புவது அதற்குத் தொல்லை என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

பதிவுசெய்ததை அப்படியே லூப்பாக்க வேண்டாம். இலைச் சலசலப்பும் பூச்சி ஒலியும் கொண்ட பொதுவான இரைச்சலை ஒரு தடமாகவும், அடையாளம் தெரியும் ஒவ்வொரு குரலையும் தனித்துணுக்காகவும் பிரித்துக்கொள்ளுங்கள். துணுக்குகள் ஒழுங்கற்ற இடைவெளியில், இடமும் வலமுமாக மாறி மாறிக் கேட்கட்டும். முப்பது நொடிக்கு ஒருமுறை அதே கருமந்தி அதே இடத்தில் கூவினால் காடு பொய்யாகிவிடும்.

இசைத் தடங்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று மெல்லிய தடங்களை ஒரே நீளத்தில் அமைக்காமல் 17 நொடி, 23 நொடி, 29 நொடி என்று அமைத்து ஒன்றாக ஓடவிடுங்கள். மூன்றும் தொடங்கிய அதே அமைப்பில் மறுபடி சந்திக்க 11,339 நொடி ஆகும். அதாவது ஏறத்தாழ 3 மணி 9 நிமிடம். ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவான பதிவிலிருந்து அவ்வளவு நேரம் திரும்ப வராத இசை கிடைக்கிறது. தாளம் இல்லாத, நீண்ட சுரங்கள் மட்டும் கொண்ட இசைக்குத்தான் இது பொருந்தும். தாளம் இருந்தால் குழம்பிவிடும்.

எங்கள் பள்ளி மாணவர்கள் நீலகிரியின் பழங்குடிகளைப் பற்றி ஒரு சிறு விளையாட்டை உருவாக்குகிறார்கள். கோத்தர் விழா ஒன்றில் கைபேசியில் பதிவுசெய்த இசை எங்களிடம் இருக்கிறது. அதை வெட்டிப் பின்னணியில் சேர்த்துக்கொள்ளலாமா?
— ஆசிரியர், கோத்தகிரி

அந்தப் பதிவைப் பயன்படுத்த வேண்டாம், ஐயா. ‘கொள்’ என்னும் ஊதுகருவியும் பறைகளும் கொம்பும் சேர்ந்த கோத்தர் இசை, கேட்கும் எவரையும் இழுக்கும். நீலகிரியின் மற்றச் சமூகங்களின் சடங்குகளுக்கும் முற்காலத்தில் அவர்களே வாசித்துவந்தார்கள். ஆனால் அவர்களிடம் மெட்டுக்கு இடமும் பொழுதும் உண்டு. கடவுளுக்குரியவை வேறு, இறப்புச் சடங்குக்குரியவை வேறு. வெளியிலிருந்து கேட்கும் நமக்கு எது எதுவென்று தெரியாது. ஈமச் சடங்கின் மெட்டு ஒன்று உங்கள் விளையாட்டின் முகப்பில், ஆடுபவர் தன் பெயரைத் தட்டச்சு செய்யும்வரை சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள். லூப் என்பதே சந்தர்ப்பத்திலிருந்து இசையைப் பிரித்தெடுக்கும் வேலை என்பதால், சந்தர்ப்பத்தோடு ஒட்டிப் பிறந்த இசைக்கு அது செய்யும் தீங்கு பெரியது.

சட்டப்படியும் வாசித்தவருக்கு உரிமை இருக்கிறது. மெட்டு பழமையானது என்றாலும், நிகழ்த்துநரின் உரிமை இந்தியாவில் 50 ஆண்டுகளுக்கு நிற்கிறது. சரியான வழி நேரானது: ஊர்ப் பெரியவர்களிடம் போய், விளையாட்டைக் காட்டி, என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் இசைந்தால், விழாவுக்கு வெளியே வாசிக்கத் தகுந்தது எது என்று அவர்களே தேர்ந்து, அதற்கெனப் புதிதாக வாசித்துத் தரட்டும். கூலியைக் கையோடு கொடுத்து, வாசித்தவர்களின் பெயரை அவர்கள் விரும்பும் வகையில் திரையில் போடுங்கள். மறுத்தால், அந்த இசை இல்லாமலேயே விளையாட்டைச் செய்யுங்கள். அதைப் போலவே ஒலிக்கும் ஒன்றைக் கீபோர்டில் செய்வது மறுப்பைச் சுற்றிக்கொண்டு போவதாகும்.

ஹெட்ஃபோனில் கேட்கும்போது மிருதங்கம் நிறைவாக இருக்கிறது; கைபேசியில் போட்டால் வெறும் தட்டல்தான் கேட்கிறது. என்ன செய்யலாம்?
— உதகை வாசகர்

கைபேசியின் சிறு ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளைப் பெரும்பாலும் தருவதில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி அங்கேதான் இருப்பதால் அது தொலைந்து, வலப்பக்கமான வலந்தலையின் ஒலி மட்டும் எஞ்சுகிறது. கும்கியின் ஒலியளவைக் கூட்டிப் பயனில்லை. அந்தத் தடத்தில் லேசான கரகரப்பைச் சேர்த்தால் அதற்கு மேல்சுரங்கள் உண்டாகும். அவற்றைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தை நம் காதே நிரப்பிக்கொள்ளும்.

கைபேசி விளையாட்டில் இதைவிட முக்கியமானது ஒன்று. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையானது. எச்சரிக்கை ஒலி, நாணய ஒலி, வசனத்தின் மெய்யெழுத்துகள் எல்லாம் அந்தப் பகுதியில்தான் கேட்க வேண்டும். இசையும் அங்கேயே குவிந்தால் ஆடுபவருக்குத் தேவையான செய்தி மறைந்துவிடும். குன்னூர் மாணவர்களுக்கும் இது பொருந்தும்: இன்ஜினின் ஊதல் கேட்க வேண்டுமானால் அந்த நேரத்தில் புல்லாங்குழல் ஒதுங்கி நிற்க வேண்டும். வசனம் வரும்போது இசை தானாகத் தணிந்து, முடிந்ததும் மெல்ல எழும்படி விளையாட்டு எஞ்சினிலேயே அமைத்துக்கொள்ளலாம். பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டு ஆடுபவர்களும், காது கேளாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இசையில் சொல்லும் எந்தச் செய்தியையும் திரையிலும் காட்டிவிடுங்கள்.

என் மகள் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். இப்போது ஒரு சிறு நிறுவனம் அவளிடம் இசை கேட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
— ஒரு தாய், வெலிங்டன்

தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், இது மதிப்பு பெற்றுவரும் துறைதான். ‘சிவிலைசேஷன் 4’ விளையாட்டுக்காகக் கிறிஸ்டோபர் டின் அமைத்த பாடல் 2011-இல் கிராமி விருது பெற்றது. 2023 முதல் வீடியோ கேம் இசைக்கென்றே தனிக் கிராமி பிரிவு இருக்கிறது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் இதை மட்டும் நம்பி வாழ்வது கடினம் என்பதால், ஒலித் துணுக்குகள் செய்வதையும் எஞ்சினுக்குள் இசையைப் பொருத்துவதையும் அவர் சேர்த்துக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நிமிட இசை, எத்தனை தடங்கள், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பவை அதில் இருக்கட்டும். விளையாட்டின் நிலைகள் பாதி வேலையில் மாறுவது இந்தத் துறையில் சாதாரணம். புதிதாக ஒரு நிலை சேர்ந்தால் அதற்குத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். உரிமையை முழுவதும் எழுதிக்கொடுப்பதா, பயன்படுத்தும் அனுமதி மட்டும் தருவதா என்பது அடுத்தது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். நிறுவனம் உலகம் முழுவதும் எக்காலத்துக்கும் என்று கேட்டால், கட்டணமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இசையைத் தனித்தொகுப்பாக அவரே வெளியிடும் உரிமையைக் கேட்டுப் பாருங்கள். சிறு நிறுவனங்கள் பலவும் இதற்கு மறுப்பதில்லை. பணம் முழுவதும் வரும்வரை கலந்து முடித்த இசையை மட்டும் கொடுத்து, தனித்தனித் தடங்களைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.